ஃபுட்பிரிண்ட்: கால் தடம், பரப்பாகி, டன் கணக்கான கதை

'ஃபுட்பிரிண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பொருள் கால் தடம். இன்று அதே சொல் கார்பனோடும் தண்ணீரோடும் செயற்கைக்கோளோடும் கணினியோடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. இவற்றில் எதற்கும் கால் கிடையாது. இந்தச் சொல் எந்த வழியாக நடந்து இங்கே வந்தது என்று பலருக்கும் எழும் கேள்விகளுக்கு இந்தப் பக்கத்தில் பதில் எழுதியிருக்கிறேன்.

'ஃபுட்பிரிண்ட்' எவ்வளவு பழைய சொல்?

நினைக்கிற அளவுக்குப் பழையதல்ல. 16-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் எழுத்தில் தென்படுகிறது. 'ஃபுட்' ஜெர்மானிய வேர் கொண்ட சொல். 'பிரிண்ட்' பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் பின்னால் போனால், அழுத்துவதைக் குறிக்கும் லத்தீன் 'ப்ரெமெரே'. அச்சடிப்பதற்கும் இதே 'பிரிண்ட்'தான். வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கி, அந்தச் சொல் ஊரெல்லாம் புழங்க ஆரம்பித்த பிறகுதான் காலும் அதோடு சேர்கிறது. விரலுக்கு இன்னும் தாமதம்: 'ஃபிங்கர்பிரிண்ட்' 19-ஆம் நூற்றாண்டுச் சொல்.

அப்படியானால் அதற்கு முன் ஆங்கிலேயர் கால் தடத்தை என்னவென்று சொன்னார்கள்?

பழைய ஆங்கிலத்தில் 'ஃபோட்ஸ்போர்', 'ஃபோட்ஸ்வாத்' என்று இரண்டு சொற்கள் இருந்தன. இரண்டின் பின்பாதியும் தனித்தனியே ஊர் சுற்றியிருக்கின்றன.

'ஸ்போர்' என்ற தடச்சொல் இங்கிலாந்தில் வழக்கொழிந்தது. ஆனால் அதன் உறவுச் சொல் டச்சு மொழியில் உயிரோடு இருந்தது. டச்சுக்காரர்கள் தென்னாப்பிரிக்காவில் குடியேறினார்கள். அங்கே வேட்டைக்குப் போன ஆங்கிலேயர்கள் விலங்குத் தடத்துக்கு அவர்கள் சொன்ன சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். 19-ஆம் நூற்றாண்டில் 'ஸ்பூர்' என்று அது மறுபடி ஆங்கிலத்துக்குள் வந்தது. வீட்டைவிட்டுப் போன பிள்ளை ஆப்பிரிக்கா வழியாகத் திரும்பி வந்த மாதிரி.

'ஸ்வாத்' போன வழிதான் நமக்கு முக்கியம். தடம், சுவடு என்று இருந்த அந்தச் சொல், நாளடைவில் அரிவாளை ஒரு முறை வீசினால் அறுபடும் புல்லின் அகலத்தைக் குறிக்கத் தொடங்கியது. அதாவது, பதிந்த அடையாளமாக இருந்தது ஒரு பரப்பாக மாறியது. ஃபுட்பிரிண்ட்டுக்கு 20-ஆம் நூற்றாண்டில் நடந்ததும் இதேதான். இன்று தொலையுணர்வுச் செயற்கைக்கோள் ஒரு சுற்றில் எத்தனை கிலோமீட்டர் அகலத்தைப் படமெடுக்கிறது என்பதற்கு 'ஸ்வாத்' என்கிறார்கள். இன்னொரு வகைச் செயற்கைக்கோளின் அலைபரப்பு விழும் நிலப்பகுதிக்கு 'ஃபுட்பிரிண்ட்' என்கிறார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் ஒரே பொருளைச் சொன்ன இரண்டு சொற்கள், வானத்தில் மறுபடி பக்கத்துப் பக்கத்தில்.

'ஃபுட்ஸ்டெப்' என்பதும் கால் தடம்தானே?

ஒரு காலத்தில் ஆம். 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தின் 77-ஆம் சங்கீதத்தில், கடவுள் கடல் வழியாகப் போனார், அவருடைய 'ஃபுட்ஸ்டெப்ஸ்' யாருக்கும் தெரியவில்லை என்று வருகிறது. அங்கே அது தடம்தான். 'அப்பாவின் ஃபுட்ஸ்டெப்ஸில் நடக்கிறான்' என்ற வழக்கிலும் அந்தப் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் இரவில் யாரோ வரும் காலடிச் சத்தத்துக்குத்தான் முதலில் அந்தச் சொல் நினைவுக்கு வரும். சத்தம் ஒரு பக்கம், அடையாளம் ஒரு பக்கம் என்று இரண்டு சொற்களும் பாகம் பிரித்துக்கொண்டன.

டேனியல் டீஃபோ 1719-இல் எழுதிய 'ராபின்சன் குரூசோ'வில் மணலில் ஒற்றைக் கால் தடம் கண்டு நாயகன் நடுங்கும் இடம் உலகப் புகழ் பெற்றது. அங்கே அவர் எழுதியது 'மனிதனின் வெறுங்காலின் பதிவு' என்ற தொடர்தான். 'ஃபுட்பிரிண்ட்' என்ற ஒற்றைச் சொல் அந்த இடத்தில் இல்லை.

'பக்மார்க்' என்பது ஆங்கிலச் சொல்லா, இந்தியச் சொல்லா?

பாதி பாதி. 'பக்' என்பது காலைக் குறிக்கும் இந்திச் சொல். பிரிட்டிஷ்காரர்கள் இந்தியக் காடுகளில் வேட்டையாடிய காலத்தில் புலித் தடத்துக்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். காலும் தடமும் சேர்ந்த சொல் என்பதால் இதுவும் ஒரு ஃபுட்பிரிண்ட்தான், ஆனால் காட்டோடு நின்றுவிட்டது.

இந்தியாவில் புலிகளை எண்ணியதே பல பத்தாண்டுகள் இந்தத் தடத்தை வைத்துத்தான். தடத்தின் மேல் கண்ணாடி வைத்துக் கோடு வரைவார்கள், அல்லது சுண்ணக்கலவை ஊற்றி அச்செடுப்பார்கள். 1972 கணக்கெடுப்பு தந்த எண் 1,827. ஒரே புலியின் தடம் ஈர மண்ணில் ஒரு மாதிரியும் காய்ந்த மண்ணில் வேறு மாதிரியும் விழும் என்பது இந்த முறையின் பெரிய ஓட்டை. ராஜஸ்தானின் சரிஸ்காவில் புலி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று 2005-இல் உறுதியான பிறகு இந்த முறை கைவிடப்பட்டது. அடுத்து வந்த தானியங்கிக் கேமராக் கணக்கு 2006-இல் 1,411 என்றது.

பழைய ஃபுட்பிரிண்ட்டின் அடிப்படைப் பொருள் என்ன?

'யாரோ இந்த வழியாகப் போயிருக்கிறார்கள்' என்பதற்கான சாட்சி. கால் போன பிறகுதான் தடம் தெரியும். நின்றுகொண்டிருக்கும் ஆளின் காலுக்குக் கீழே யாரும் தடம் பார்ப்பதில்லை. ஆக, அந்தச் சொல்லுக்குள் இரண்டு சங்கதிகள் இருந்தன: கடந்த காலம், ஆள் இல்லாமை.

இதிலிருந்து இலக்கியத்தில் இரண்டு கிளைகள் பிரிந்தன. ஒன்று துப்பறிதல். ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில் 'அவை ஒரு மாபெரும் வேட்டைநாயின் ஃபுட்பிரிண்ட்ஸ்' என்று டாக்டர் மார்ட்டிமர் சொல்லும் வரி இந்தக் கிளையின் உச்சம். துப்பறிவதைக் குறிக்கும் 'இன்வெஸ்டிகேட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குள்ளேயே கால் தடம் இருக்கிறது. லத்தீனில் 'வெஸ்டிகியும்' என்றால் கால் தடம். மற்றொன்று புகழ். அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோ 1838-இல், பெரியோர் 'காலத்தின் மணலில்' தடம் விட்டுப் போகிறார்கள், நாமும் விடலாம் என்று எழுதினார். பிறகு வந்த எத்தனையோ பள்ளி ஆண்டு விழாப் பேச்சுகளுக்கு அந்த வரி சோறு போட்டிருக்கிறது. மணலில் விட்ட தடம் எத்தனை நேரம் நிற்கும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நிற்கும் தடங்களும் உண்டு என்பது உண்மைதான். தான்சானியாவின் லாயிடோலியில் மேரி லீக்கியின் குழு 1978-இல் கண்டெடுத்த மனித மூதாதையர் தடங்கள், எரிமலைச் சாம்பலில் பதிந்து சுமார் 36 லட்சம் ஆண்டுகள் நின்றவை. 1969 ஜூலையில் நிலவில் பதிந்த பூட்ஸ் தடங்களைக் கலைக்க அங்கே காற்றும் இல்லை, மழையும் இல்லை.

தடம் எப்போது பரப்பாக மாறியது?

1960-களில், விண்வெளித் துறையில். நிலவில் தடம் பதித்த அதே நாசாவின் பொறியாளர்கள், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்தச் சொல்லை வேறு பொருளில் எழுதிக்கொண்டிருந்தார்கள். விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது மிகச் சரியாக ஒரே புள்ளியில் இறங்கும் என்று சொல்ல முடியாது. வேகம், கோணம், காற்றின் அடர்த்தி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தால், கடலில் நீள்வட்டமான ஒரு பகுதிக்குள் எங்காவது விழும். அந்தப் பகுதிக்குப் பெயர் ஃபுட்பிரிண்ட். கவனியுங்கள், இது இன்னும் நடக்காத ஒன்றின் தடம். கடந்த காலம் போய்விட்டது.

அப்புறம் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள் வந்தன. நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அனுப்பும் அலை, பூமியின் எந்தப் பகுதியில் போதிய வலிமையோடு விழுகிறதோ அதுதான் அந்தச் செயற்கைக்கோளின் ஃபுட்பிரிண்ட். வரைபடத்தில் ஒன்றுக்குள் ஒன்றாகக் கோடுகள் போட்டுக் காட்டுவார்கள். உள்ளே இருக்கும் கோட்டுக்குள் வசிப்பவருக்குச் சின்ன டிஷ் போதும், ஓரத்தில் இருப்பவருக்குப் பெரிய டிஷ் வேண்டும்.

நம் வீடுகளுக்கு இந்தச் சொல் தெரியாமலேயே வந்து சேர்ந்தது இந்த வழியாகத்தான். 1990-இல் ஏவப்பட்ட ஆசியாசாட்-1 செயற்கைக்கோளில் அடுத்த ஆண்டு ஹாங்காங்கின் ஸ்டார் டிவி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் தெற்குக் கற்றையின் ஃபுட்பிரிண்ட்டுக்குள் இந்தியா இருந்ததால், தெருவுக்கொரு கேபிள்காரர் மொட்டை மாடியில் டிஷ் வைத்தார். இந்திய அரசின் அனுமதி, தூர்தர்ஷன் என்ற எல்லைகளை ஓர் அலைப்பரப்பு சும்மா தாண்டி வந்தது.

இந்தப் பொருளில் இன்னொரு மாற்றமும் ஒளிந்திருக்கிறது. பழைய தடம், கால் எடுத்த பிறகு இருப்பது. செயற்கைக்கோளின் தடமோ அது வேலை செய்யும் வரைக்கும்தான். அணைத்துவிட்டால் தடமே இல்லை. இல்லாதவரின் அடையாளமாக இருந்த சொல், இருப்பவரின் ஆக்கிரமிப்பைச் சொல்லத் தொடங்கிவிட்டது. என் கணிப்பில் இந்தச் சொல்லின் வாழ்க்கையில் மிகப் பெரிய திருப்பம் இதுதான். கார்பன் எல்லாம் பிறகு வந்த விளைவு.

கணினிக்கு ஏது கால்?

மேஜை மேல் அது அடைக்கும் இடம்தான் ஃபுட்பிரிண்ட். 70-களின் கடைசியில் கணினி அறையைவிட்டு மேஜைக்கு வந்தபோது, எவ்வளவு இடம் அடைக்கும் என்பது வாங்குபவரின் முதல் கேள்விகளில் ஒன்றானது. 'சிறிய ஃபுட்பிரிண்ட்' என்று சொல்லி விற்றார்கள். இன்றும் பிரிண்டர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்கும் இது சொல்லப்படுகிறது. கட்டடத்துக்கும் உண்டு: தரையில் கட்டடம் பிடிக்கும் இடம். எத்தனை மாடி கட்டினாலும் ஃபுட்பிரிண்ட் மாறாது.

மென்பொருள்காரர்கள் இதை நினைவகத்துக்குக் கொண்டுபோனார்கள். ஒரு நிரல் ஓடும்போது எத்தனை மெகாபைட் பிடிக்கிறது என்பது அதன் மெமரி ஃபுட்பிரிண்ட். மின்சுற்றுப் பலகை வடிவமைப்பவர்களுக்கோ, ஒரு சிப்பைப் பற்றவைக்க வேண்டிய செம்புத் திட்டுகளின் அமைப்புதான் ஃபுட்பிரிண்ட். அது தப்பினால் சிப் உட்காராது. எல்லாவற்றிலும் உள்ள பொதுக் கருத்து ஒன்றே: எவ்வளவு இடம் பிடிக்கிறாய்?

சுற்றுச்சூழலுக்குள் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தது யார்?

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ரீஸ். 1992-இல் வெளிவந்த அவருடைய கட்டுரையில்தான் 'எக்கலாஜிக்கல் ஃபுட்பிரிண்ட்' முதலில் கல்விப் புலத்துக்குள் வருகிறது. அவருடைய ஆராய்ச்சி மாணவராக இருந்த மத்தீஸ் வாக்கர்நாகல் கணக்கிடும் முறையை விரித்தார். இருவரும் சேர்ந்து 1996-இல் நூலாக எழுதினார்கள்.

ரீஸ் முதலில் வைத்திருந்த பெயர் வேறு. ஒரு மக்கள் கூட்டம் தனக்கென்று எடுத்துக்கொண்ட தாங்குதிறன் என்பதுபோல, வாயில் நுழையாத ஒன்று. அந்தச் சமயத்தில் அவருக்குப் புதுக் கணினி வந்தது. அதைப் பொருத்த வந்த தொழில்நுட்பர், இதன் ஃபுட்பிரிண்ட் மேஜையில் எவ்வளவு சிறியது பாருங்கள் என்று மெச்சினார். அந்த இடத்தில் ரீஸ் சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஆக, சுற்றுச்சூழல் ஃபுட்பிரிண்ட் மணலில் பதிந்த காலிலிருந்து நேரே வரவில்லை. மேஜையில் உட்கார்ந்த கணினி வழியாக வந்தது. பலரும் இதைத் தவறவிடுகிறார்கள். தாய்ப்பூமியின் மேல் மனிதனின் பாரமான கால் என்று உருக்கமாக எழுதுகிறார்கள். ரீஸ் கேட்டதோ பரப்புக் கணக்கு.

அவர்கள் நூலில் ஒரு கற்பனை உண்டு. ஒரு நகரத்தின் மேல் கண்ணாடிக் கூடு ஒன்றைக் கவிழ்த்துவிட்டால், உள்ளே இருப்பவர்கள் சீக்கிரமே மூச்சு முட்டியும் பசித்தும் செத்துப்போவார்கள். சாகாமல் இருக்க அந்தக் கூடு எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? நெல்லும் கோதுமையும் விளையும் வயல், மாடு மேயும் புல்வெளி, மரம் தரும் காடு, மீன்பிடிக்கும் கடல், வீடும் சாலையும் நிற்கும் இடம், வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சத் தேவையான காடு, இவ்வளவையும் உள்ளடக்கிய பரப்புதான் அந்த நகரத்தின் ஃபுட்பிரிண்ட். நகராட்சி எல்லையைவிட அது பல மடங்கு பெரிது.

இதற்கு 'குளோபல் ஹெக்டேர்' என்று ஓர் அளவு வைத்தார்கள். உலகச் சராசரி விளைச்சல் தரும் ஒரு ஹெக்டேர். தஞ்சாவூர் வயலும் மங்கோலியப் புல்வெளியும் ஒன்றாகிவிடக் கூடாது அல்லவா, அதற்காக. வாக்கர்நாகல் 2003-இல் தொடங்கிய குளோபல் ஃபுட்பிரிண்ட் நெட்வொர்க் நாடுவாரியாக இந்தக் கணக்கை வெளியிடுகிறது. பூமி ஓராண்டில் புதுப்பித்துத் தருவதை நாம் தீர்த்துவிடும் நாளையும் அறிவிக்கிறது. 2024-இல் அது ஆகஸ்ட் 1.

'கார்பன் ஃபுட்பிரிண்ட்' என்ற சொல்லை உருவாக்கியது பிபி எண்ணெய் நிறுவனம்தான் என்கிறார்களே, உண்மையா?

பாதிதான் உண்மை.

எக்கலாஜிக்கல் ஃபுட்பிரிண்ட்டின் பெரும்பகுதி, ஏறக்குறைய 60 சதவீதம், கார்பனை உறிஞ்சத் தேவையான காட்டின் கணக்கு. அந்தப் பகுதியை மட்டும் பிரித்துப் பேசும்போது 'கார்பன் ஃபுட்பிரிண்ட்' என்ற தொடர் தானாகவே அமைந்துவிடுகிறது. 90-களின் கடைசியிலேயே அச்சில் தலைகாட்டிவிட்டது.

பிபி செய்தது அதை வீடுவீடாகக் கொண்டுபோனது. 2000-இல் 'பெட்ரோலியத்துக்கு அப்பால்' என்று பொருள்படும் முழக்கத்தோடு தன் முகத்தை மாற்றிக்கொண்ட அந்த நிறுவனம், 2004-இல் இணையத்தில் கார்பன் ஃபுட்பிரிண்ட் கணிப்பான் ஒன்றை வெளியிட்டது. உங்கள் வீடு, கார், விமானப் பயணம் எல்லாவற்றையும் உள்ளிட்டால் உங்கள் பங்கு எவ்வளவு என்று சொல்லும். தொடர்ந்து ஓகில்வி விளம்பர நிறுவனம் தயாரித்த விளம்பரங்கள் வந்தன. தெருவில் போகிறவரை நிறுத்தி, கார்பன் ஃபுட்பிரிண்ட் என்றால் என்ன தெரியுமா என்று கேட்கும் பாணி. 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் பிரிட்டன் பிரிவு இதை ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

எண்ணெய் தோண்டி விற்பவர், அதை வாங்கி எரிப்பவரிடம் 'உன் தடம் எவ்வளவு?' என்று கேட்டதுதான் இதில் உள்ள சாமர்த்தியம். பார்வை குழாயின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய்விட்டது. இந்த விமர்சனம் நியாயமானது என்றே நினைக்கிறேன். அதற்காக அந்த அளவே போலி என்று ஒதுக்குவது சரியல்ல. அதே அளவுகோலை நிறுவனங்கள் மேலும் நாடுகள் மேலும் வைத்துப் பார்க்கலாம், வைக்கிறார்கள். தலைக்குக் கார்பன் டை ஆக்சைடு ஓராண்டுக்கு இந்தியாவில் சுமார் 2 டன், அமெரிக்காவில் 14 டன்னுக்கும் மேல் என்ற வித்தியாசம் இந்த வகைக் கணக்கால்தான் பளிச்சென்று தெரிகிறது.

பரப்பு எப்படி டன் ஆனது?

வழியில் ஒரு படியைக் கழற்றிவிட்டார்கள். கார்பனைக் காட்டுப் பரப்பாக மாற்ற வேண்டுமானால், ஒரு ஹெக்டேர் காடு எவ்வளவு உறிஞ்சும் என்று ஓர் அனுமானம் வேண்டும். அது மரத்துக்கு மரம், மண்ணுக்கு மண் மாறும். தாமஸ் வீட்மன், யான் மின்க்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2007–08 வாக்கில், இந்த மாற்றமே தேவையில்லை, டன்னிலேயே சொல்லிவிடலாம் என்று வரையறை எழுதினார்கள். நடைமுறையும் ஏற்கெனவே அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

மண்ணில் பதிந்த அடையாளம், தரையில் பிடித்த பரப்பு, கடைசியில் காற்றில் கலந்த ஒன்றின் எடை. இந்த மூன்றாவது படியில் காலுக்கும் தடத்துக்கும் இருந்த கடைசித் தொடர்பும் அறுந்துவிட்டது. காற்றில் எங்கே தடம் பதியும்?

டன் ஆனதும் கணக்கர்கள் உள்ளே வந்துவிட்டார்கள். 2001-இல் வெளியான பசுங்குடில் வாயு நெறிமுறை, நிறுவனங்களின் வெளியீட்டை மூன்று வட்டங்களாகப் பிரித்தது: தன் புகைபோக்கியிலும் வண்டியிலும் வெளிவருவது, வாங்கும் மின்சாரத்துக்காக வேறெங்கோ எரிந்தது, மூலப்பொருள் தொடங்கி வாடிக்கையாளர் பயன்படுத்திக் குப்பையில் போடும் வரை நடப்பது. மீத்தேன் போன்ற வாயுக்களையும் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையாக மாற்றிச் சேர்க்கிறார்கள். மீத்தேன் நூறாண்டுக் கணக்கில் அதைவிட 27 மடங்குக்கு மேல் சூடேற்றக்கூடியது. நீர் நிறைந்த நெல்வயல் மீத்தேன் விடுவதால் நம் சோற்றுக்கும் இதில் ஒரு வரி உண்டு.

பொட்டலத்தின் மேலேயே அச்சிட்டுப் பார்த்தார்கள். 2007-இல் பிரிட்டனில் வாக்கர்ஸ் உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டில் கார்பன் டை ஆக்சைடு 75 கிராம் என்று போட்டார்கள். அதே ஆண்டு டெஸ்கோ பேரங்காடி, தான் விற்கும் 70,000 பொருள்களுக்கும் போடப்போவதாக அறிவித்தது; சில நூறு பொருள்களோடு தடுமாறி 2012-இல் கைவிட்டது. 75 கிராம் நல்லதா கெட்டதா என்று சிப்ஸ் வாங்குகிறவருக்கு எப்படித் தெரியும்?

'வாட்டர் ஃபுட்பிரிண்ட்' எதை அளக்கிறது?

ஒரு பொருள் உருவாகும் வழியெல்லாம் செலவான நன்னீரை. நெதர்லாந்தின் ஆர்யன் ஹூக்ஸ்ட்ரா 2002-இல் இந்தக் கருத்தை முன்வைத்தார். அதற்கு முன்பே லண்டனின் டோனி ஆலன் 'மறை நீர்' என்று தமிழில் நாம் சொல்லும் கருத்தைப் பேசியிருந்தார். தானியம் இறக்குமதி செய்யும் நாடு தண்ணீரையும் சேர்த்துத்தான் இறக்குமதி செய்கிறது என்பது அவர் வாதம்.

உலகச் சராசரிக் கணக்கில் ஒரு சின்னக் கோப்பை காப்பிக்குச் சுமார் 130 லிட்டர், ஒரு கோப்பை தேநீருக்குச் சுமார் 30 லிட்டர், ஒரு கிலோ அரிசிக்குச் சுமார் 2,500 லிட்டர், ஒரு கிலோ மாட்டிறைச்சிக்கு 15,000 லிட்டருக்கும் மேல். காப்பிக் கட்சிக்காரர்கள் தேநீர்க் கட்சியிடம் இந்த எண்ணைக் காட்ட வேண்டாம்.

இந்த எண்களை எடுத்து வீசுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஹூக்ஸ்ட்ரா நீரை மூன்றாகப் பிரித்தார்: பயிர் குடித்த மழைநீர் பச்சை, ஆற்றிலும் கிணற்றிலும் எடுத்தது நீலம், கழிவை நீர்க்கச் செய்யத் தேவையானது சாம்பல். குடகு மலையில் மழையில் விளைந்த காப்பியின் 130 லிட்டரும், வறண்ட ஊரில் ஆழ்துளைக் கிணற்றில் உறிஞ்சிய 130 லிட்டரும் ஒன்றல்ல. கார்பன் எங்கே வெளிவந்தாலும் ஒரே வானம். தண்ணீர் அப்படியில்லை, ஊருக்கு ஊர் அதன் அருமை வேறு.

'டிஜிட்டல் ஃபுட்பிரிண்ட்' இந்த வரிசையில் எங்கே வருகிறது?

வரிசையை விட்டு விலகிப் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டது. இணையத்தில் நீங்கள் போன இடம், தேடியது, 'லைக்' போட்டது, அழைத்த டாக்ஸி எல்லாமே நீங்கள் போன பிறகும் நிற்கும் சாட்சிகள். இங்கே பரப்பும் இல்லை, எடையும் இல்லை. துப்பறிவாளர் காலத்துப் பொருள் அப்படியே இருக்கிறது. தெரிந்தே பதிவது ஒரு வகை, தெரியாமல் பதிவது இன்னொரு வகை, இரண்டாவதுதான் அதிகம். அலை வந்து அழிக்காத தடம் என்பதால், அழிக்கச் சட்டம் தேவைப்பட்டது. தேடல் முடிவுகளிலிருந்து பழைய தகவலை நீக்கக் கோரும் உரிமையை ஐரோப்பிய நீதிமன்றம் 2014-இல் ஏற்றது.

வேறு எந்தத் துறைகளில் இந்தச் சொல் புழங்குகிறது?

எண்ணி முடியாது. விமானம் எழும்பும்போது எந்தப் பகுதி வரை இரைச்சல் தாங்க முடியாமல் இருக்கிறதோ அது இரைச்சல் ஃபுட்பிரிண்ட். தோள்பட்டை அறுவை மருத்துவருக்கு, தசைநார் எலும்பில் ஒட்டியிருக்கும் இடம். ஆப்கானிஸ்தானில் 2002-இல் ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமி, வெளிநாட்டவர் கூட்டம் குறைவாக இருக்கட்டும் என்பதை 'லைட் ஃபுட்பிரிண்ட்' என்றார். இராணுவ, அரசதந்திர வட்டாரங்களில் அது நிலைத்துவிட்டது.

எனக்குப் பிடித்தது மூலக்கூறு உயிரியலில் வருவது. டேவிட் கேலஸ், ஆல்பர்ட் ஷ்மிட்ஸ் இருவரும் 1978-இல் ஒரு முறையைக் கண்டார்கள். டிஎன்ஏ இழையை ஒரு நொதியால் கண்ட இடத்தில் வெட்டவிடுவார்கள். ஏதாவது புரதம் இழையின் மேல் உட்கார்ந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் வெட்டு விழாது. ஜெல்லில் ஓடவிட்டுப் பார்த்தால் ஏணிப்படி மாதிரி வரும் கோடுகளுக்கு நடுவே ஒரு வெற்றிடம் தெரியும். அந்த வெற்றிடம்தான் ஃபுட்பிரிண்ட். ஆள் இல்லாமையைச் சொன்ன பழைய பொருளும், இடம் பிடிப்பதைச் சொன்ன புதுப் பொருளும் ஒரே படத்தில் வந்து நிற்பது இங்கே மட்டும்தான்.

முன்பு தடம் பதிப்பது பெருமையாக இருந்தது. இப்போது தடத்தைக் குறை என்கிறார்களே?

ஆமாம், சொல்லின் நிறமே மாறிவிட்டது. நடுவில் ஒரு கட்டம் உண்டு: காடுகளுக்கும் மலைகளுக்கும் நடைப்பயணம் போகிறவர்களுக்கான 'படத்தைத் தவிர எதையும் எடுக்காதே, ஃபுட்பிரிண்ட்டைத் தவிர எதையும் விடாதே' என்ற வாசகம். அங்கே கால் தடம் என்பது யாருக்கும் கெடுதல் இல்லாத, மழை வந்தால் போய்விடும் ஒன்று. இன்று அதே வாசகத்தைப் படிக்கும் பள்ளிப் பிள்ளை, ஃபுட்பிரிண்ட் விடுவதுதானே தப்பு என்று குழம்பக்கூடும்.

தடம் என்றாலே குற்றம் என்றாகிவிட்டதால் அதற்கு எதிர்ச்சொல்லும் தேவைப்பட்டது. 2007-இல் அகமதாபாத்தில் நடந்த சுற்றுச்சூழல் கல்வி மாநாட்டில் 'ஹேண்ட்பிரிண்ட்' அறிமுகமானது. காலால் கெடுத்தது ஃபுட்பிரிண்ட், கையால் சரிசெய்தது ஹேண்ட்பிரிண்ட். நல்ல எண்ணம்தான். ஆனால் ஃபுட்பிரிண்ட் அளவுக்கு ஓடவில்லை. திட்டுவதற்குக் கிடைக்கும் சொல்லுக்கு உள்ள ஓட்டம் பாராட்டுக்கு இருப்பதில்லை போலிருக்கிறது.

தமிழில் எப்படிச் சொல்வது? கார்பன் தடமா, கரிமச் சுவடா?

இரண்டும் எழுதப்படுகின்றன, 'கார்பன் காலடித்தடம்' என்றும் பார்க்கலாம். என் வாக்கு 'தடம்' பக்கம். 'சுவடு' இன்னும் பழைய பொருளிலேயே நிற்கிறது. போனவரின் அடையாளம், 'சுவடே இல்லாமல்' போவது என்றுதான் சொல்கிறோம். அதனால் டிஜிட்டல் ஃபுட்பிரிண்ட்டுக்கு 'மின்சுவடு' பொருந்தும். 'தடம்' கொஞ்சம் தாராளமான சொல். பேருந்துத் தடம், வண்டித்தடம் என்று வழியையும் குறிக்கும். பழந்தமிழில் 'தட' என்பதற்கே அகலம் என்ற பொருள் உண்டு; பெருமை, அதாவது பெரிதாக இருப்பது, என்ற பொருளைத் தொல்காப்பியமே சொல்கிறது. பரப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிற சொல் என்பதால் நீர்த்தடம், கார்பன் தடம் இரண்டும் உறுத்தாமல் அமர்கின்றன. 'காலடி'யைச் சேர்ப்பது வீண். ஆங்கிலத்திலேயே அந்தக் கால் எப்போதோ போய்விட்டது.

செயற்கைக்கோளுக்கும் கணினிக்கும் தடம் என்று எழுதினால் யாருக்கும் புரியாது. அங்கே 'அலைபரப்பு எல்லை', 'அடைக்கும் இடம்' என்று நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

ஒரு வாக்கியத்தில் எந்தப் பொருளில் வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பக்கத்தில் என்ன அளவு இருக்கிறது என்று பாருங்கள். சதுர அடியோ சதுர மீட்டரோ இருந்தால் இடம். டன், கிலோ என்றால் கார்பன். லிட்டர் என்றால் தண்ணீர், மெகாபைட் என்றால் மென்பொருள். அளவே இல்லாமல் 'தென்கிழக்கு ஆசியாவில் எங்கள் ஃபுட்பிரிண்ட்' என்று வந்தால் கடைகளும் கிளைகளும். அளவும் இல்லாமல் பக்கத்தில் சேறோ மணலோ இருந்தால், சரி, அது கால் தடமேதான்.

பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கையை எடுத்தால் ஒரு பயிற்சி கிடைக்கும். தலைவரின் கடிதத்தில் 'இந்த ஆண்டு நம் ஃபுட்பிரிண்ட்டை விரிவாக்கினோம்' என்று பெருமையாக இருக்கும். பக்கங்களைப் புரட்டி நிலைத்தன்மை அத்தியாயத்துக்குப் போனால் 'இந்த ஆண்டு நம் ஃபுட்பிரிண்ட்டைக் குறைத்தோம்' என்று அதே பெருமையோடு இருக்கும். முதலாவது கிளைகள், இரண்டாவது டன்கள். இரண்டுமே உண்மையாகவும் இருக்கலாம்.